இடிந்த கோயிலும் பக்கத்து ஊர்க்காரரும்: யாரிடம் என்ன கேட்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பழங்காலக் கோயில் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறேன். அங்கே உள்ளூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்பதில் பயன் உண்டா, இல்லை புத்தகமும் வழிகாட்டியும் போதுமா? கேட்பதென்றால் எப்படிக் கேட்பது, எவ்வளவு நம்புவது?"

பயன் உண்டு, நிறையவே. ஆனால் நம்மில் பலர் போனவுடன் முதல் கேள்வியாக "இதைக் கட்டியது யாருங்க? எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டுவிடுகிறோம். பதிலுக்கு "ஆயிரம் வருஷம் இருக்கும், ரெண்டாயிரம்னும் சொல்றாங்க" என்று ஏதோ வரும். இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு படம் எடுக்கப் போய்விடுகிறோம். கேட்ட கேள்விதான் தப்பு.

1860-இல் கம்போடியாவின் ஆங்கோர் வாட் கோயிலுக்குப் போன பிரெஞ்சு இயற்கையியலாளர் ஆன்றி மூவோ இதே கேள்வியைத்தான் கேட்டார். நான்கு பதில்கள் கிடைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். தேவர்களின் அரசன் கட்டினான். அரக்கர்கள் கட்டினார்கள். குஷ்டரோகி அரசன் கட்டினான். தானாகவே எழும்பிற்று. உண்மையில் அதைக் கட்டுவித்தவன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்ட இரண்டாம் சூரியவர்மன். மக்கள் அந்தப் பெயரை மறந்திருந்தார்கள். எழுநூறு வருஷத்தில் யார்தான் மறக்கமாட்டார்கள்? என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எனக்கே தெரியாது. ஆனால் அதே ஆங்கோர் வாட்டில் புத்த பிக்குகள் வழிவழியாக வாழ்ந்துவந்தார்கள். 1632-இல் அங்கு வந்த ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் தூணில் மையால் எழுதிவைத்துப் போனது இன்னும் இருக்கிறது. மூவோ 'கண்டுபிடித்த' இடத்தை அங்கிருந்தவர்கள் தொலைக்கவே இல்லை.

கோயில் கட்டப்பட்ட காலத்தைக் கல்வெட்டும் செப்பேடும் சொல்லும், கட்டடப் பாணியும் சொல்லும். அதற்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். அது பாழான பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எந்த மழையில் எந்தச் சுவர் சரிந்தது, கல் எங்கே போயிற்று, எந்தச் சிலை எந்த வருஷம் காணாமற்போயிற்று, தண்ணீர் எந்தப் பக்கமாக வடிகிறது, யார் எந்த மூலையில் விளக்கு வைக்கிறார்கள் என்பதெல்லாம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே கட்டிய கதையை விட்டுவிட்டு இடிந்த கதையைக் கேளுங்கள்.

உதாரணமாக, கல் எங்கே போயிற்று என்ற கேள்வி. கங்கைகொண்ட சோழபுரத்துச் சுற்றுமதிலின் கற்கள் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட எடுத்துச்செல்லப்பட்டன. திருகோணமலைக் கோணேசுவரத்தை 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். 1950-இல் அருகே கிணறு தோண்டியபோது மண்ணுக்கடியிலிருந்து வெண்கலத் திருமேனிகள் வந்தன. இவையெல்லாம் ஏட்டில் ஏறிய பெரிய கதைகள். ஏறாத சிறியவை ஒவ்வொரு இடிபாட்டைச் சுற்றியும் இருக்கின்றன. வாய்க்கால் மதகுக்கு முட்டுக்கொடுத்த தூண், துணி துவைக்கும் கல்லாகிப்போன படிக்கட்டு, வாசற்படியாகக் கிடக்கும் எழுத்துக் கல். "இந்தக் கோயில் கல்லை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுப்பாருங்கள். முதலில் தயக்கம் வரும். தன் வீட்டு வாசல்கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயம் தெளிந்தபின் அவர்களே அரைநாள் கூட்டிக்கொண்டு சுற்றுவார்கள்.

ஒருமுறை, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறிய கற்றளியில், அதாவது கல்லால் கட்டிய கோயிலில், நான் மண்டையிடிக்கும் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அடியிலுள்ள பீடமான அதிட்டானத்தில் எழுத்து இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அதில் புடைத்துக்கொண்டிருக்கும் குமுதப் பட்டையில் விரலை வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிறது, கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. கொஞ்ச தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நான் படும் பாட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்ப தெரியாது தம்பி. பொழுது சாயட்டும்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமாங்கய்யா?"

"எனக்கெங்க? ஆனா எழுத்து எப்ப எந்திரிக்கும்னு தெரியும்."

'எழுத்து எந்திரிக்கும்' என்றுதான் சொன்னார். மாலை ஐந்தரை மணிவாக்கில் வெயில் தெற்குச் சுவரை உரசிக்கொண்டு போனபோது அதைக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்து, அதுவரை வெறும் சொரசொரப்பாக இருந்த கல் முழுவதும் வரிவரியாக எழுந்துவந்தது. அப்போது தை மாதம். வடக்குச் சுவரிலும் எழுத்து உண்டு என்றார் பெரியவர். ஆனால் அதைப் பார்க்கச் சித்திரைக்கு மேல் வரவேண்டும், இப்போது அந்தப் பக்கம் வெயிலே படாது என்றார். சூரியன் மேற்குக்கு வடக்கே தள்ளி மறையும் மாதங்களில்தான் வடக்குச் சுவரில் சாய்வெயில் விழும் என்பது யோசித்தால் நமக்கும் புரிகிற கணக்குத்தான். யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. ஆடுகளுக்கு நிழல் தேடித்தேடி அவர் முப்பது வருஷமாக அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். (எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி பூசுகிறவர்களும் எண்ணெய் தடவுகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். கல் பாழாகும். காத்திருந்தால் வெயிலே காட்டிக்கொடுக்கும். அவசரமென்றால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.)

இப்படிக் கையாலும் காலாலும் தெரிந்துகொண்ட விஷயத்தில் ஊர்க்காரர்கள் அநேகமாகத் தவறுவதில்லை. காதால் கேட்ட விஷயத்தில்தான் தவறுகிறார்கள், நம்மைப்போலவே. எதை நம்புவது என்பதற்கு என் கைவசம் உள்ள அளவுகோல் இவ்வளவுதான். ஒருவர் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்து வரும் தகவலுக்கு முதல் மரியாதை.

கல்வேலை செய்பவர் யாராவது அந்த வட்டாரத்தில் இருந்தால் அவரை எப்பாடுபட்டாவது கூட்டிக்கொண்டு போங்கள். பாறையில் வரிசையாக வெட்டிய செவ்வகக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். பல் தடம் மாதிரி இருக்கும். 'குரங்கு நடந்த தடம்' என்பார்கள், 'விளக்கு வைக்கும் குழி' என்பார்கள். கல்தச்சரைக் கேட்டால் ஆப்புக் குழி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எந்தப் பக்கமாகப் பிளக்கப் பார்த்தார்கள், ஏன் பாதியில் விட்டார்கள் என்றும் சொல்வார். எனக்கு ஒருவர் கல்லில் ஓடிய ஒரு மயிரிழைக் கோட்டைக் காட்டினார். அந்தக் கோடு குறுக்கிட்ட இடத்தோடு குழி வரிசை நின்றிருந்தது. பக்கத்துப் பாறையின் விளிம்பில் நீளநீளமாக அரைவட்டக் காடிகள் இருந்தன. "இது மிஷின் போட்ட ஓட்டை, நம்ம காலத்துத் திருட்டு" என்றார். பழைய வேலை எது, பிற்காலத்தில் கல் உடைத்தது எது என்று அன்றைக்குப் பிறகு எனக்கே ஓரளவு பிடிபட ஆரம்பித்தது. கல்லை விரல்மூட்டால் தட்டி, மணிபோல ஒலித்தால் நல்ல கல், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் என்று அவர் காட்டியபோது, கேட்டுக் கேட்டு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது. சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள், அது வேறு வம்பு.

ஆங்கோரின் மணற்கற்களில் விரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள் இருக்கின்றன. துப்பாக்கிக் குண்டு பட்டது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அங்கே போர் நடந்து, குண்டு துளைத்த சுவர்களும் இருப்பதால் அப்படித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தத் துளைகள் கல்லைத் தூக்கவும் நகர்த்தவும் முளை செருகியவை என்பதுதான் பொதுவான விளக்கம். துளைகள் ஒழுங்கான இடைவெளியில், கல்லுக்குக் கல் ஒரே மாதிரி இருப்பதைப் பாருங்கள். குண்டுகள் அப்படி வரிசைகட்டிப் பாயாது.

அடுத்தது தண்ணீர். வயல்காரர்களைக் கேட்கவேண்டிய விஷயம். ஹம்பியில் அரண்மனையும் கடைவீதியும் பாழாகிவிட்டன, ஆனால் விஜயநகர காலத்துக் கால்வாய்களில் சில இன்றும் வயலுக்குப் பாய்கின்றன. ஆங்கோரின் மேற்கு பாராய் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் நீளமும் இரண்டு கிலோமீட்டர் அகலமும் உள்ள ஏரி, அதில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அரசர்கள் போய்விட்டாலும் அவர்கள் வெட்டியதைத் தூர்வாரி, மடை திறந்து, சண்டைபோட்டுப் பங்கு வைத்து உயிரோடு வைத்திருப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். கோயில் ஏன் அந்த மேட்டில் இருக்கிறது, அந்தப் பள்ளம் ஏன் அங்கே என்பது அவர்களோடு ஒரு வரப்பு நடந்தால் விளங்கும்.

கடற்கரை என்றால் மீனவர்கள். மாமல்லபுரத்துக் கடலுக்கடியில் கட்டுமானம் இருக்கிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பாளர்கள் இறங்கிப் பார்த்தபோது அங்கே சுவர்போன்ற அமைப்புகளும் செதுக்கிய கற்களும் தென்பட்டன. அவை கட்டப்பட்ட காலம், அங்கே ஏழு கோயில்கள் இருந்தன என்ற பழைய பேச்சுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு எல்லாம் தனி விவாதம். வலை எங்கே சிக்குகிறது என்பது மட்டும் மீனவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

மெக்சிகோவின் போனம்பாக்கில், மாயன்கள் தீட்டிய சுவரோவியங்களை 1946-இல் கைல்ஸ் ஹீலி என்பவருக்குக் காட்டியவர்கள் அந்தக் காட்டில் வாழும் லக்கண்டோன் பழங்குடி மக்கள். கஜுராஹோவுக்கு 1838-இல் போன ஆங்கிலேய அதிகாரி டி. எஸ். பர்ட்டுக்கு அந்தக் கோயில்களைப் பற்றிச் சொன்னது அவருடைய பல்லக்குத் தூக்கிகளில் ஒருவர். ஜாவாத் தீவின் பெரும் புத்தத் தூபியான போரோபுதூரும் அப்படித்தான். 1814-இல் ஜாவாவின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த ராஃபிள்ஸ், காட்டுக்குள் பெரிய கட்டடம் இருப்பதாக உள்ளூர்க்காரர்கள் சொல்லக் கேட்டுத்தான் கொர்னேலியஸ் என்ற டச்சுப் பொறியாளரை அனுப்பினார். புத்தகத்தில் 'கண்டுபிடித்தார்' என்று வரும் இடத்திலெல்லாம் 'அவருக்குக் காட்டினார்கள்' என்று மாற்றிப் படித்தால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

சரி, கதைகளை என்ன செய்வது? ஒரே இரவில் கட்டியது, பூதம் கட்டியது, சாபத்தால் கல்லானது, சுரங்கம் அரண்மனைக்குப் போகிறது என்றெல்லாம் வருமே?

நம்பவும் வேண்டாம், மறுத்துப் பேசவும் வேண்டாம். அந்தக் கதை எந்தக் காட்சிக்கு விளக்கம் சொல்லப் பார்க்கிறது என்று தேடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஜாவாவின் பிரம்பானனில் ஓர் இளவரசியைப் பற்றிய கதை உண்டு. தன்னை மணக்கவேண்டுமானால் ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டவேண்டும் என்று அவள் நிபந்தனை போடுகிறாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முடிந்ததும் சூழ்ச்சியால் சேவல்களைக் கூவவைக்கிறாள். மணக்க வந்தவன் கோபத்தில் அவளையே ஆயிரமாவது சிலையாக்கிவிடுகிறான். அந்தச் சிலைதான் சிவன் கோயிலின் வடக்குக் கருவறையில் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது துர்க்கை. பக்கத்திலேயே 'ஆயிரம் கோயில்' என்று பொருள்படும் பெயருடன் சாண்டி சேவு இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 249. கதையின் கணக்குத் தப்பு, ஆனால் கதை சொன்னவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. சுற்றிலும் எண்ணமுடியாத அளவுக்குச் சிறு கோயில்கள், நடுவே ஓர் அழகிய பெண் உருவம், எல்லாம் குலைந்துகிடக்கிறது.

மெக்சிகோவின் உஷ்மாலில் ஒரு குள்ளன் ஒரே இரவில் கட்டியதாகச் சொல்லும் பிரமிடு உண்டு. தொல்லியலாளர்கள் அதில் ஐந்து கட்டங்களாக நடந்த கட்டுமானத்தைப் பார்க்கிறார்கள். கடல்களுக்கு இப்பாலும் அப்பாலும் மனிதர்களுக்குத் தோன்றும் எண்ணம் ஒன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு பெரியதை நம்மைப்போன்றவர்கள் கட்டியிருக்க முடியாது, கட்டியவன் ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்திருக்கவேண்டும்.

மூவோவுக்குச் சொன்ன குஷ்டரோகி அரசனும் சும்மா முளைத்தவன் இல்லை. ஆங்கோர் வாட்டுக்குப் பக்கத்திலுள்ள ஆங்கோர் தோம் நகரில் அந்தப் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு சிலை இருந்தது. பாசி படர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறி, விரல்கள் உடைந்துபோன சிலை. அதிலுள்ள பிற்காலக் கல்வெட்டு அதைத் தர்மராஜன், அதாவது யமன் என்கிறது. ஒரு கல்லின் நோயை மக்கள் ஒரு மனிதனின் நோயாகப் படித்திருக்கிறார்கள். போரோபுதூர் பற்றிய 18-ஆம் நூற்றாண்டு ஜாவானியக் குறிப்பு ஒன்றில், கூண்டில் அடைபட்ட வீரனைப் பார்க்கப்போன இளவரசன் திரும்பிவந்ததும் இறந்துபோனதாக வருகிறது. துளைகளுள்ள கல் தூபிக்குள் புத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு 'கூண்டில் அடைபட்ட வீரன்' என்ற வர்ணனை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

கோனார்க்கின் உச்சியில் பெரிய காந்தக்கல் இருந்து கப்பல்களை இழுத்தது என்ற கதையைக் கேட்டுச் சிரிக்கலாம். பிறகு அங்கே கட்டுமானத்தில் பயன்படுத்திய கனத்த இரும்பு உத்திரங்களையும் போய்ப் பாருங்கள். இரும்பைக் கண்டவர்கள் காந்தத்தை நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

சுரங்கப்பாதை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கல்நெஞ்சக்காரன். உலகத்தில் சுரங்கப்பாதை இல்லாத பழைய கோயிலே இல்லை என்று தோன்றும், அவ்வளவு கேட்டாகிவிட்டது. "வாய் எங்க இருக்குன்னு காட்டுங்க" என்று கேட்டுவிடுவேன். காட்டினால் பெரும்பாலும் வடிகால், இல்லையென்றால் நிலவறை. வடிகாலும் சுவாரசியமானதுதான், ஏமாற்றம் வேண்டாம். ஆனால் உள்ளே இறங்காதீர்கள்.

இடப்பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கோயில் பெயரைக் காட்டிலும் சுற்றியுள்ள திடல், குளம், வயல், பாறை ஆகியவற்றின் பெயர்கள் முக்கியம். கங்கைகொண்ட சோழபுரத்தில் அரண்மனை இருந்த மண்மேட்டை ஊரார் மாளிகைமேடு என்றே சொல்லிவந்தார்கள். தோண்டியபோது செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன. அருகிலேயே உட்கோட்டை, ஆயுதகளம் என்றெல்லாம் ஊர்கள். மண்ணுக்கு மேலே ஒன்றும் மிஞ்சாத இடத்திலும் பெயர் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் எல்லாப் பெயருக்கும் இந்த மதிப்பைக் கொடுக்க முடியாது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களுக்குத் தருமன், பீமன், அர்ச்சுனன் என்ற பெயர்கள் பிற்காலத்தில் வந்தவை. திரௌபதி ரதத்தின் உள்ளே இருப்பவள் கொற்றவை. ஹம்பியின் ராணி குளியலறை, யானை லாயம், தாமரை மஹால் இவையும் கட்டியவர்கள் வைத்த பெயர்கள் அல்ல. வித்தியாசத்தை எப்படிக் கண்டுகொள்வது? என் அனுபவத்தில், பார்வையாளர் கூட்டம் வரும் கட்டடத்தின் அழகான பெயரைச் சந்தேகப்படலாம். யாரும் வராத காட்டுவயலின் புரியாத பெயரை நம்பலாம். அந்தப் பெயரை யாருக்கும் கவர்ச்சியாகக் காட்டவேண்டிய தேவை இருந்ததில்லை.

இன்னும் கும்பிடப்படும் கற்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். நாம் இடிபாடு என்று நினைத்துக்கொண்டு போகும் இடம் அங்கிருப்பவருக்குச் சாமி இருக்கும் இடம். செங்கம் பகுதியில் வேடியப்பன் என்று மக்கள் வழிபட்டுவந்த கற்களில் பல, பல்லவர் காலத்து எழுத்துள்ள நடுகற்கள். ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்தவர்களுக்கு எடுத்தவை. வீரனின் பெயர் போய்விட்டது, கல்லுக்குரிய மரியாதை போகவில்லை. அந்த வழிபாடு இல்லாதிருந்தால் அவற்றில் பாதி எப்போதோ வரப்புக்குப் போயிருக்கும். சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட உருவம் புத்தர் என்று தொல்லியல் துறை ஆய்ந்து சொல்ல, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. புத்தர் என்பது உண்மை. அத்தனை காலம் அதற்கு முனியப்பன் என்று பூசை நடந்ததும் அந்தச் சிலையின் வரலாறுதான், அதையும் எழுதிவைக்கவேண்டும் என்பேன்.

கிரேக்கத்தின் எலியூசிஸில் நடந்ததும் இதே ரகம். தானியத் தெய்வமான டிமீட்டரின் பெருங்கோயில் இருந்த இடம் அது. 1801-இல் எட்வர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் அங்கே போனபோது, உடைந்த ஒரு பெண் சிலையின் மார்பளவு பாகம் எருக்குவியலுக்குள் கழுத்துவரை புதைந்துகிடந்தது. அவள் இருப்பதால்தான் விளைச்சல் இருக்கிறது, எடுத்துப் போனால் நிலம் பொய்த்துவிடும், போகிற கப்பலும் உருப்படாது என்று ஊரார் தடுத்தார்கள். அவர் துருக்கிய அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி எடுத்துப் போனார். கப்பல் இங்கிலாந்துக் கரையருகே உடைந்தது! சிலையை மட்டும் மீட்டு கேம்பிரிட்ஜில் வைத்தார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறது. அது டிமீட்டரின் சிலையே அல்ல, கோயில் வாசலைத் தாங்கிய பெண்ணுருவத் தூண் என்று பிற்பாடு அறிஞர்கள் தெளிவுபடுத்தினார்கள். கல் எது என்பதில் ஊரார் தவறினார்கள். அந்த இடம் விளைச்சலுக்குரிய தெய்வத்தின் இடம் என்பதில் தவறவில்லை, கோயில் அழிந்து பதினான்கு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும்.

அதனால் ஒரு கல்லில் மஞ்சளோ பூவோ துணியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், தொடுவதற்கும் படம் எடுப்பதற்கும் முன்னால் ஆளைத் தேடிக் கேளுங்கள். "இது சாமி இல்லைங்க, சமணச் சிற்பம்" என்று பாடம் எடுக்காதீர்கள். கேட்டால் சொல்லலாம். சொல்லாமலிருந்தால் நீங்கள் தெரிந்துகொள்வது அதிகம்.

இப்போது ஒரு பெரிய சிக்கல். இந்தக் காலத்தில் ஊர்க்காரர் சொல்வது ஊர்க்காரருடையதா என்பதே சந்தேகம். போனவருஷம் வந்த ஆராய்ச்சி மாணவர் சொன்னது, வழிகாட்டி மைக்கில் முழங்கியது, யூடியூபில் பார்த்தது எல்லாம் கலந்து "எங்க தாத்தா சொல்வாரு" என்ற தலைப்பில் திரும்பிவரும். யாரும் பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. மன்னர் பெயரும் ஆண்டும் துல்லியமாக வந்தால் எனக்குக் காது நிமிரும். "இது நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போதே சொல்வாங்களா, இல்ல பிற்பாடு கேள்விப்பட்டதா?" என்று மெதுவாகக் கேட்பேன். பெரும்பாலும் நேர்மையான பதில் வரும்.

கேள்வியில் பதிலை வைத்துக் கேட்காதீர்கள். "இது சோழர் கட்டினதுதானே?" என்றால் "ஆமாங்க" என்பார்கள். தூரத்திலிருந்து வந்தவர், படித்தவர், மறுத்தால் நன்றாயிருக்குமா என்ற பண்புதான் அது. "இதை என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம். உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதைக் காட்டிலும் கூடவே நடப்பது பலன் தரும். கால் ஓர் இடத்தில் நின்றால் வாய் தானாகத் திறக்கும், "இங்கதான் அந்த வருஷம் இடி விழுந்துச்சு" என்று. ஆண்கள் கூடிப் பேசும் இடத்தில் கேட்டதைப் பெண்களிடம் தனியே கேளுங்கள். விளக்கு வைப்பதும் கோலம் போடுவதும் பெரும்பாலும் அவர்கள் என்பதால் கருவறைக்கு அருகே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பிள்ளைகளோ தேளும் பாம்பும் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்வார்கள், மதிப்புமிக்க தகவல்.

மொழி தெரியாத நாட்டில் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் சுருக்கிவிடுவார். பாட்டி ஐந்து நிமிடம் பேசுவார், உங்களுக்கு "பழைய கோயில் என்கிறார்" என்று வரும். அந்தக் கல்லுக்கு, மேட்டுக்கு, மரத்துக்கு அவர் சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். துருக்கியின் கோபெக்லி தெபெ என்ற பெயருக்குத் 'தொப்பை மேடு' என்று பொருள். பதினோராயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்தூண் வட்டங்கள் கிடந்த அந்த மேட்டின் உச்சியில், வேண்டுதலுக்குத் துணி கட்டும் ஒற்றை மரமும் நின்றிருந்தது. பெயரும் மரமும் எந்த வரைபடத்தையும்விடச் சரியாக வழிகாட்டியிருக்கும்.

ஊர்க்காரர்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை என்றால் காரணம் இருக்கும். கிரேக்கத்தின் டெல்ஃபியில் அகழாய்வுக்காக, கோயிலின் மேலேயே இருந்த காஸ்த்ரி கிராமத்தை 1890-களில் அப்படியே வேறிடத்துக்கு மாற்றினார்கள். சிரியாவின் பல்மைராவில் பேல் கோயிலின் மதிலுக்குள் இருந்த ஊரையும் அப்படித்தான், சுமார் 1930-ஐ ஒட்டி. ஹம்பியில் விருபாட்சர் கோயில் முன்வீதி மண்டபங்களில் குடியிருந்தவர்கள் 2011-இல் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நாம் 'அடடா, எவ்வளவு சுத்தமாகப் பராமரிக்கிறார்கள்' என்று வியக்கும் புல்வெளி ஒருவருடைய அடுப்படியாக இருந்திருக்கலாம். பழைய வீதி எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டால் கோயிலைப் பற்றி எந்தப் பலகையிலும் இல்லாத செய்திகள் வரும், கூடவே கோபமும் வரும். இரண்டையும் கேட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

இன்னொரு காரணம் திருட்டு. கம்போடியாவின் கோ கேரில் பிரசாத் சென் கோயிலில் துரியோதனன் சிலையின் பாதங்கள் மட்டும் பீடத்தில் மிஞ்சியிருந்தன. உடல் நியூயார்க் ஏலக்கூடம் வரை போய், வழக்குக்குப் பிறகு 2014-இல் நாடு திரும்பியது. அந்தப் பகுதிகளில் பல ஆண்டுகள் சிலை எடுத்துக் கொடுத்த ஒருவரே முதுமையில் விசாரணையாளர்களைக் கூட்டிப்போய், எந்தப் பள்ளத்திலிருந்து எந்தச் சிலை என்று காட்டினார். உள்ளூர் அறிவு என்பதில் இதுவும் சேர்த்தி. இப்படிப்பட்ட இடங்களில் தோளில் பையும் கையில் கேமராவுமாக வந்து "பழைய சிலை எங்க இருக்கு?" என்று கேட்பவரைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். முதலில் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். மண்ணைக் கிளறாதீர்கள், ஓட்டுத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். காவலில்லாத சிலையின் படத்தை இடம் தெரியும்படி வெளியிடாதீர்கள். நம்பிக் காட்டியவரை அது மாட்டிவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கேள்வியே கேட்காமல் ஊர்க்காரர் பேச்சைக் கேளுங்கள். கம்போடியாவின் ஒதுக்குப்புறக் கோயில்களைச் சுற்றிக் கண்ணிவெடி புதைத்த நிலங்கள் இருந்தன. வியட்நாமின் மி சன் கோயில்கள் 1969-இல் குண்டுவீச்சுக்கு ஆளானவை. ஊர்க்காரர் கால்வைக்காத இடத்தில் நீங்களும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் எந்தச் சுவரோரம் நிற்கக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வழிகாட்டி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல வழிகாட்டி வேண்டும், முதல்நாள் அவரோடு சுற்றுங்கள். கட்டடப் பகுதிகளின் பெயர், காலம், எது எங்கே என்ற உருவம் மனத்தில் விழுந்துவிடும். மறுநாள் அவரில்லாமல், வெயில் சாயும் நேரத்தில் தனியே போய்க் காவலாளிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டில் கண்டது, கேட்டது, படித்தது என்று மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றை மற்றொன்றில் எழுதாதீர்கள். கேட்டதற்குப் பக்கத்தில் சொன்னவரின் வயதையும் தொழிலையும் குறித்தால் போதும், பெயர் வேண்டாம். முடிந்தால் அந்தக் கோயிலின் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோங்கள். நூறு கேள்வி கேட்டும் வராத பேச்சு அந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தால் வரும். முதலில் கோயிலைப் பார்க்கமாட்டார்கள். ஓரத்தில் நிற்கும் மரத்தைக் காட்டி, அது யாருடைய கொல்லையில் இருந்தது என்று தங்களுக்குள் தகராறு ஆரம்பிப்பார்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.